மண்வெட்டி பதில்கள்: ஆறடிக்கு எட்டடியில் ஒரு தோட்டம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலர்க் கண்காட்சி பற்றியவை. அசுவினிப் பூச்சிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவரை வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்துக்கொண்டிருந்தால் போதும்.

*கேள்வி: மகள் லண்டனில் இருக்கிறாள். வரும் மே மாதம் செல்சி மலர்க் கண்காட்சிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறாள். வருஷம் தவறாமல் ஊட்டி மலர்க் கண்காட்சி பார்க்கிற எனக்கு அங்கே புதிதாக என்ன இருக்கப்போகிறது?*
*– வாசகி, திருப்பூர்*

போய்விட்டு வாருங்கள் அம்மா. வயதில் ஊட்டிதான் மூத்தது. நம்முடையது 1896இல் தொடங்கியது, செல்சியில் 1913இல்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு சங்கதி. ஊட்டியில் இடமே தோட்டம். 1848 வாக்கில் உருவான தாவரவியல் பூங்காவுக்குள் தொட்டிகளைக் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். செல்சியில் அப்படி இல்லை. வயதான ராணுவ வீரர்கள் தங்கியிருக்கிற ராயல் ஹாஸ்பிடல் என்ற கட்டடத்தின் மைதானம் அது. சில வாரங்களில் தோட்டங்களை எழுப்புவார்கள். ஐந்து நாள் நிற்கும். அப்புறம் பிரித்துவிட்டு மறுபடி மைதானம் ஆக்கிவிடுவார்கள். நம் ஊர்க் கல்யாணப் பந்தல் மாதிரிதான், மரத்தோடும் குளத்தோடும் போட்ட பந்தல்.

நான் 2016இல் மகன் புண்ணியத்தில் போனேன். பெரிய தோட்டங்கள் முன்னால் நாலு வரிசைக் கூட்டம். முன்னால் நிற்பவர்களின் தொப்பிகளைத்தான் பார்க்க முடிந்தது. சரி என்று சின்னத் தோட்டங்கள் பக்கம் நகர்ந்தேன், சாயங்காலம் வரை அங்கிருந்து கிளம்பவில்லை. ஜப்பானின் நாகசாகிக்காரர் கசுயுகி இஷிஹாரா அந்த வருஷம் கார் நிறுத்தும் கொட்டகையையே தோட்டமாக்கியிருந்தார். அதற்குத் தங்கப் பதக்கமும் வாங்கினார். நம் ஊரில் கார் வாங்கினால் முதலில் வெட்டுப்படுவது வாசல் செம்பருத்திதானே. அங்கே காரும் இருந்தது, பச்சையும் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

2021இலிருந்து பால்கனித் தோட்டம், தொட்டித் தோட்டம் என்று தனிப் பிரிவுகளே வந்துவிட்டன. (அந்த ஒரு வருஷம் மட்டும் கொரோனாவால் கண்காட்சி செப்டம்பரில் நடந்தது.) அடுக்குமாடியில் குடியிருக்கும் உங்களுக்கு எடுத்துவர ஏதாவது இருந்தால் அங்கேதான் இருக்கும். கண்காட்சியின் முதல் இரண்டு நாளும் அதை நடத்துகிற ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு உரியவை. டிக்கெட்டும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். பேரக் குழந்தை சின்னதென்றால் உள்ளே விடுவார்களா என்று மகளை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். பூவை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் குனிந்து தரையைப் பாருங்கள். கல்லும் மண்ணும் சேருகிற ஓரம், தண்ணீர் வழிந்து போகிற இடம், சுவர் மூலை. தோட்டம் போட்டவரின் கை அங்கேதான் தெரியும்.

*கேள்வி: கண்காட்சித் தோட்டங்களில் ஒரு வாடிய இலைகூட இல்லை. எல்லாப் பூவும் ஒரே நாளில் எப்படிப் பூக்கிறது? ஏதாவது மருந்து அடிக்கிறார்களா?*
*– வாசகர், ஈரோடு*

மருந்தெல்லாம் இல்லை, காலண்டர்தான். கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். செண்டுப்பூ விதைத்து ஏறக்குறைய 60, 70 நாளில் பூக்கும். நுனி கிள்ளிவிட்டால் பத்து நாள் போல் தள்ளிப்போகும், பக்கக் கிளையும் விடும். பொங்கலுக்கு வேண்டும் என்றால் நவம்பர் முதல் வாரத்தில் விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். செவ்வந்தி கொஞ்சம் வீம்புக்காரி. இரவு நீண்டால்தான் மொட்டு வைப்பாள். மற்ற பருவத்தில் வேண்டுமென்றால் சாயங்காலமே கறுப்புத் துணி மூடி அவளுக்குப் பொய் இரவு காட்டுவார்கள். மொட்டு வைக்க வேண்டாம் என்றால் ராத்திரியில் பல்பு எரிய விடுவார்கள். குளிர் நாட்டில் இன்னும் மெனக்கெடுவார்கள். பிந்துகிற செடியைச் சூடான கண்ணாடி வீட்டில் வைத்து விரட்டுவார்கள், முந்துகிற செடியைக் குளிர்கிடங்கில் வைத்து நிறுத்துவார்கள். தேவைக்கு மேலேயே வளர்த்துவைத்துக்கொண்டு, தேறியதை மட்டும் கொண்டுவருவார்கள்.

இன்னொரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன். அந்தச் செடிகளில் பல நட்ட செடிகள் அல்ல, வைத்த செடிகள். தொட்டியோடு புதைத்து, விளிம்பு தெரியாமல் மரப்பட்டையோ நார்க்கழிவோ தூவிவிடுவார்கள். ஒன்று வாடினால் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். நாடகத்தில் ராஜா கிரீடம் அட்டை என்று யாரும் போலீசுக்குப் போவதில்லை. ஆனால் அதைப் படம் எடுத்துவந்து, அதே நெருக்கத்தில் வீட்டில் நட்டுவிடாதீர்கள். ஒரு சாண் இடத்தில் மூன்று செடி ஐந்து நாளைக்கு அழகு. இரண்டு மாதம் போனால் ஒன்றை ஒன்று நெரிக்கும், காற்றோட்டம் இல்லாமல் மாவுப்பூச்சி குடியேறும். அப்புறம் எனக்குத்தான் கடிதம் எழுதுவீர்கள்.

*கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கலுக்கு மலர்க் கண்காட்சி நடத்துகிறோம். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஆறடிக்கு எட்டடி இடம், கையில் 5,000 ரூபாய். தரை சிமென்ட், தோண்ட முடியாது. எப்படித் தொடங்குவது?*
*– வாசகி, கோவை*

நர்சரிக்கு ஓடாதீர்கள். அதுதான் முதல் வேலை. எல்லோரும் நேராக நர்சரிக்குப் போய், பூத்திருப்பதில் ஒவ்வொன்று எடுத்துவந்து வரிசையாக வைக்கிறார்கள். பார்த்தால் இன்னொரு நர்சரி மாதிரி இருக்கும், விலைச்சீட்டு மட்டும் இல்லாமல்.

உட்கார்ந்து ஒரு வரி எழுதுங்கள்: இது எந்த இடம்? “அழகான பூந்தோட்டம்” என்பது இடம் இல்லை. “தாத்தா வீட்டுக் கிணற்றடி” ஒரு இடம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரி விழாவுக்கு நான் கிணற்றடிதான் போட்டேன். அந்த ஒரு சொல்லே பாதி வேலையை முடித்துக்கொடுத்தது. கிணற்றடியில் என்ன இருக்கும்? குளித்த தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். அதைக் குடித்து வளர்கிற வாழை, சேம்பு, கல்வாழை. கொஞ்சம் தள்ளி வெட்டிவேர். கல் ஓரத்தில் கற்பூரவல்லி. ஒரு துவைகல், ஒரு பித்தளைக் குடம், கொடியில் ஒரு ஈரத் துண்டு. ரோஜா கேட்டார்கள், பெட்யூனியா கேட்டார்கள், மாட்டேன் என்றேன். கிணற்றடியில் பெட்யூனியாவுக்கு என்ன வேலை? பூ என்று இருந்தது சிவப்புக் கல்வாழையும் ஒரு நந்தியாவட்டையும்தான். வந்தவர்களில் வயதானவர்கள் குடத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பாட்டி, “சோப்பு டப்பா எங்கே?” என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த நாள் வைத்தேன்.

இனி தரை. ஆறடிக்கு எட்டடி என்றால் 48 சதுர அடி. அரை அடி உயரத்துக்கு மண் கொட்டினால் 24 கன அடி. ஈர மண் கன அடிக்கு 45 கிலோவாவது இருக்கும், ஆக ஒரு டன்னுக்கு மேல். சங்கச் செயலாளருக்கு மயக்கம் வந்துவிடும், அள்ளிப்போடுவதும் யார்? ஆகவே மண் வேண்டாம். தார்ப்பாய் விரியுங்கள். சுற்றிலும் செங்கல்லைப் பூச்சு இல்லாமல் இரண்டு மூன்று வரிசை அடுக்குங்கள். உள்ளே செடிகளைத் தொட்டியோடும் பையோடும் வையுங்கள். குட்டையாக நிற்பவற்றுக்கு அடியில் காய்கறி கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உயர்த்துங்கள். இடைவெளியில் வைக்கோலோ பழைய சாக்கோ திணியுங்கள். மேலே இரண்டு அங்குலம் மட்டும் தென்னை நார்க்கழிவு. ஐந்து கிலோக் கட்டி ஒன்று ஊறினால் 70 லிட்டர் போல் பொங்கும். நான்கு கட்டி போதும்.

உயரமான செடியை நடுவில் வைப்பது எல்லோரும் செய்கிற தப்பு. மக்கள் எந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள் என்று முதலில் பாருங்கள். மூன்று பக்கமும் வழி இருந்தால் உயரத்தை ஒரு மூலைக்குத் தள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். இதற்குத்தான் பிளாக்கில் சண்டை வரும், “காசு கொடுத்தும் இடம் காலியா கிடக்குதே” என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். யாரும் நடக்கப்போவதில்லை என்றாலும் நான்கு கல் பதித்து ஒரு நடைபாதை வைத்தால் பார்க்கிறவர்களின் மனசு உள்ளே நடந்துபோகும்.

நான் கோட்டைவிட்டதையும் சொல்கிறேன். அந்தக் கல்லூரியில் பந்தல்காரர் சிவப்பு ஷாமியானா கட்டியிருந்தார். மத்தியானம் வெயில் ஏறியதும் வெள்ளை நந்தியாவட்டை ரோஸ் ஆகிவிட்டது. வாழை இலை துருப்பிடித்த தகரம் மாதிரி தெரிந்தது. இரண்டு மாத உழைப்பு ஒரு துணியில் போனது. நீங்கள் செடிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பந்தல்காரரைப் பிடித்து வெள்ளைத் துணி கேளுங்கள். இல்லாவிட்டால் திறந்தவெளியே மேல். மார்கழி, தை வெயில் செடியை ஒன்றும் செய்யாது.

கிணற்றடியையே நீங்கள் எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உங்கள் பிளாக்கில் இருக்கிற பாட்டிகளைக் கூட்டிவைத்து, சின்ன வயசில் எந்த இடத்தில் விளையாடினீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். களத்துமேடு வரும், கோயில் நந்தவனம் வரும், ரயில்வே குவார்ட்டர்ஸ் வேலியோரம் வரும்.

*கேள்வி: கண்காட்சித் தோட்டத்தில் புத்தர் தலை, கொக்கு பொம்மை எல்லாம் வைக்கலாமா?*
*– வாசகர், மதுரை*

செல்சியில் தாடி வைத்த குள்ள பொம்மைகளுக்குப் பல காலம் தடை. நூற்றாண்டு என்று 2013இல் மன்னித்து உள்ளே விட்டார்கள். நான் அவ்வளவு கறார் இல்லை. கொக்கு வைக்கலாம், பக்கத்தில் அது மீன் பிடிக்கிற மாதிரி தண்ணீர் இருந்தால். புத்தர் தலையை மட்டும் விட்டுவிடுங்கள். வெட்டிய தலையை ஃபெர்ன் தொட்டிக்கு நடுவில் வைத்துவிட்டு அமைதி, தியானம் என்று அட்டை எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

*கேள்வி: போன வருஷம் எங்கள் சங்கம் போட்ட தோட்டத்துக்கு மூன்றாம் பரிசுகூட வரவில்லை. இருந்ததிலேயே எங்களிடம்தான் பூ அதிகம். நடுவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?*
*– வாசகர், சேலம்*

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பூவின் எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் பூக்கடைக்காரர்தான் வருஷா வருஷம் வாங்குவார்.

நானும் சில ஊர்களில் நடுவராக நின்றிருக்கிறேன். முதல் பார்வையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது சுற்றில்தான் மார்க் குறைய ஆரம்பிக்கும். கறுப்புப் பையின் விளிம்பு எட்டிப்பார்க்கும். கற்றாழைக்குப் பக்கத்தில் பெரணி இருக்கும். ஒன்றுக்குத் தண்ணீரே ஆகாது, இன்னொன்று தண்ணீர் இல்லாமல் ஆகாது. இருவருக்கும் எப்படிக் குடித்தனம் நடக்கும்? அடிவாரத்தில் பழுத்த இலை கிடக்கும்.

செல்சியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. என்ன செய்யப்போகிறேன், யாருக்கான தோட்டம் என்று வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். நடுவர்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் தோட்டத்தைப் பார்ப்பார்கள். பதக்கம் தங்கம், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்று நான்கு வகை. இதில் ஓட்டப்பந்தயம் இல்லை. தகுதி இருந்தால் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டுக்குமே தங்கம், இல்லாவிட்டால் ஒருவருக்கும் கிடையாது. பிரிவுக்கு ஒன்று சிறந்தது என்று தனியாக வேறு தேர்ந்தெடுப்பார்கள். இதை நம் ஊர்ச் சங்கம் ஒன்றில் சொல்லிப்பார்த்தேன். “நல்ல யோசனை சார், ஆனா கப்பு மூணும் வாங்கியாச்சு” என்றார்கள்.

*கேள்வி: கண்காட்சி முடிந்ததும் அந்தச் செடிகளெல்லாம் என்ன ஆகும்? குப்பைக்கா?*
*– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாமக்கல்*

செல்சியில் கடைசி நாள் சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மணி அடிப்பார்கள். அடித்ததும் செடி விற்பனை. கோட்டு சூட்டு போட்ட கனவான்கள் ஆளுயர டெல்ஃபினியம் பூச்செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரயிலேறிப் போகிற காட்சி அன்றைக்கு லண்டன் முழுவதும் நடக்கும். இப்போது பல தோட்டங்களை முழுசாகப் பெயர்த்து, பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற இடங்களில் மறுபடி அமைத்தும் விடுகிறார்கள்.

என் கிணற்றடி அவ்வளவு தூரம் போகவில்லை. கற்பூரவல்லியை மாணவர்கள் ஆளுக்கொரு கிளையாக ஒடித்துக்கொண்டு போனார்கள். வாழையை வாட்ச்மேன் தன் அறைக்குப் பின்னால் குழாயடியில் நட்டார். அடுத்த வருஷம் அது தார் போட்டபோது இரண்டு சீப்பு கொடுத்தனுப்பினார். குடம் என் வீட்டுக்காரியுடையது, நெளிவோடு திரும்பிவந்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். துவைகல் மட்டும் யாரிடம் இரவல் வாங்கினேன் என்பது மறந்தே போயிற்று. இன்னும் எங்கள் வாசலில்தான் கிடக்கிறது. உரியவர் இதைப் படித்தால் வண்டியோடு வரவும், தூக்க நான்கு ஆள் வேண்டும்.