மழை புளிப்பது எதனால்? அமில மழை பற்றிக் கேள்வி பதில்

அனல்மின் நிலைய ஆய்வகம் ஒன்றில் தண்ணீரையும் புகையையும் சோதித்தே வருடங்களை ஓட்டியவன் நான். அமில மழை பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், சாதாரண மழையே அமிலம்தானாமே. பிறகு எதை அமில மழை என்பது?

உண்மைதான் தம்பி. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதாலேயே மழைநீரின் பிஹெச் 5.6 வாக்கில் இருக்கும். பிஹெச் என்பது புளிப்பை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் கூடும். அதற்கும் நன்றாகக் கீழே இறங்கினால் வேறு ஆள் கலந்திருக்கிறார் என்று பொருள். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வரும் கந்தக டை ஆக்சைடு ஒன்று. வண்டிகளும் கொதிகலன்களும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இன்னொன்று. மேலே போய்க் கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறி இறங்குகின்றன. பிஹெச் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு. 5.6க்கும் 4க்கும் நடுவே சுமார் 40 மடங்கு.

அண்ணா, மகளின் ப்ராஜெக்டுக்காக மாடிக் குழாயில் இறங்கிய மழைத்தண்ணீரை பிஹெச் தாளில் தொட்டோம். 7.5 காட்டியது. எங்கள் ஊர்க் காற்று சுத்தம் என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். நீங்கள் சோதித்தது மழையை அல்ல, மாடியை. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு கரைந்து அமிலத்தை அடக்கியிருக்கும். திறந்த வெளியில் ஸ்டூல் போட்டு, நன்றாகக் கழுவிய பிளாஸ்டிக் பேசின் ஒன்றை வையுங்கள். முதல் பத்து நிமிடத் தண்ணீர் ஒரு பாட்டில், அரை மணி கழித்துப் பிடித்தது இன்னொரு பாட்டில். இரண்டும் வேறு வேறாகக் காட்டினால் ப்ராஜெக்டுக்கு அதுவே நல்ல விஷயம். நம் நாட்டு மண்புழுதியில் கால்சியம் அதிகம். காற்றிலேயே அமிலத்தோடு மல்லுக்கட்டி அடக்கிவிடும். புகை இருந்தும் பல ஊர்களில் மழை புளிக்காததற்கு அதுதான் காரணம்.

நனைந்தால் தோல் எரியுமா, முடி கொட்டுமா?

இல்லை. எலுமிச்சைச் சாறு இதைவிடப் பல மடங்கு புளிப்பு. மழையாகும் முன் அதே வாயுவைச் சுவாசிப்பதுதான் ஆபத்து, ஆஸ்துமாக்காரர்களைக் கேளுங்கள்.

ஸ்வீடனில் பெரிய ஆலைகள் அதிகம் இல்லாத பகுதிகளிலும் ஏரி மீன்கள் செத்தனவாமே. எப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி. பக்கத்து ஊர்க்காரர்கள் புகார் சொல்கிறார்கள் என்று புகைபோக்கியை உயர்த்திக்கொண்டே போனார்கள். கனடாவின் சட்பரி நிக்கல் உருக்காலையில் 1972இல் இயங்கத் தொடங்கிய புகைபோக்கி 381 மீட்டர். சுற்றுவட்டாரம் மூச்சுவிட்டது, புகை அடுத்த நாட்டுக்குப் போனது. பிரிட்டன், ஜெர்மனிப் புகை அப்படித்தான் ஸ்காண்டிநேவியாவில் மழையாக இறங்கியது. ஸ்வீடனின் மண்ணியல் விஞ்ஞானி ஸ்வாந்தே ஓடேன் 1967இல் இதைப் போட்டு உடைத்தார்.

அங்கே அடியில் கிரானைட் பாறை, சுண்ணாம்பு கிடையாது. அமிலத்தைத் தடுக்க ஆளில்லை. அது மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஏரிக்குக் கொண்டுவருகிறது. அலுமினியம் செவுளில் படிய, மீன் மூச்சுத்திணறிச் சாகிறது. செத்த ஏரி பளிங்குபோலத் தெளிவாக இருக்கும். பார்க்கிறவர்கள் சுத்தமான தண்ணீர் என்று ஏமாறுவார்கள். அப்புறம் ஸ்வீடன்காரர்கள் ஆயிரக்கணக்கான ஏரிகளில் சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டினார்கள். பலன் உண்டு, ஆனால் திரும்பத் திரும்பக் கொட்ட வேண்டும்.

தாஜ்மகால் மஞ்சளாவது அமில மழையால்தானே?

பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படித்தோம். மஞ்சளுக்கு முக்கியக் காரணம் புழுதியும் கரியும். அமிலம் செய்வது வேறு வேலை. முட்டை ஓட்டில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரை பொங்கும். முட்டை ஓடும் பளிங்கும் ஒரே கால்சியம் கார்பனேட். கந்தக அமிலம் பட்டால் பளிங்கின் மேல்தோல் ஜிப்சம் என்ற மென்மையான கால்சியம் சல்பேட்டாகி உதிரும். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வட்டாரத்தின் 292 ஆலைகளை நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறு, இல்லையென்றால் இடத்தைக் காலி செய் என்றது.

சரி, தடுக்க என்னதான் வழி?

கல்லை அமிலம் தின்னத்தான் போகிறது என்றால், தாஜ்மகாலில் தின்னாமல் புகைபோக்கிக்கு முன்பே தின்னட்டும். சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையின் மேல் தெளித்தால் கந்தகம் பெரும்பாலும் அங்கேயே ஜிப்சமாகிவிடும். அமெரிக்கா 1990இல் சட்டம் திருத்தி, மொத்தக் கந்தகப் புகைக்கு உச்சவரம்பு வைத்து, புகை விடும் உரிமத்தை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்க விட்டது. மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது.

இந்தியாவில் வண்டி எரிபொருளில் நன்றாகவே செய்தோம்: 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 என்ற வாகனப் புகை விதி, எரிபொருளில் பத்து லட்சத்தில் 10 பங்கு கந்தகம்தான். அனல்மின் நிலையங்களுக்கு 2015இல் கந்தகப் புகை வரம்பு போட்டு, கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சுண்ணாம்புக்கல் தெளிக்கும் கருவியிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது வாதம். குறைவுதான், ஆனால் எரிக்கும் அளவு குறைவில்லையே. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவ்வளவு ஜிப்சத்தை எங்கே கொட்டுவது?

கொட்ட வேண்டாம், விற்கலாம். சிமெண்டுக்கு வாங்குவார்கள். ஜெர்மனியில் அட்டை ஒட்டிச் சுவர்ப் பலகையாக்கி வீடு கட்டுகிறார்கள்.