சுழல் கீறலுக்கு எந்த பாலிஷ்?

கேள்வி: என் கருப்பு காருக்கு மூன்று வயது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. காம்பவுண்ட் (கரடான தேய்ப்புப் பசை) போட்டு செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் கெட்டியாகும் பாதுகாப்புப் பூச்சு) செய்யச் சொல்கிறார் கடைக்காரர். நானே பாலிஷ் வாங்கிப் போடலாமா?

பதில்: போடலாம். முதலில் கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அந்தக் கீறலை விட்டுவிடுங்கள், அதை பாலிஷால் முழுதாக எடுக்க முடியாது. சிக்காதவை எல்லாம் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கில்தான் உள்ளன. அதன் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடி அளவுகூட இல்லை. கீறலை எடுப்பது என்றால் அந்த அடுக்கைத் தேய்த்துக் குறைப்பது. அதனால் மிகவும் மென்மையான பாலிஷில்தான் தொடங்க வேண்டும். மெகுயர்ஸ் எம் 205 மாதிரி ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று, மென்மையான ஃபோம் பேட், சுழன்றுகொண்டே அசைந்தும் தேய்க்கும் டூயல் ஆக்‌ஷன் மெஷின். நிழலில் நிறுத்தி, ஆறிய பானெட்டில் ஒரு சதுர அடி மட்டும் போட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் மட்டும் காம்பவுண்ட்.

இப்போது கடைக்காரர் விஷயம். பல இடங்களில் கம்பளி பேடும் ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினும் வைத்துக் கரடுமுரடான காம்பவுண்டால் தேய்த்துத் தள்ளுகிறார்கள். அதில் வரும் புதுத் தழும்பை எண்ணெய்ப்பசை உள்ள கிளேஸ் பூசி மறைக்கிறார்கள். வண்டியை எடுக்கும்போது கண்ணாடியாக இருக்கும், நாலு தடவை கழுவியதும் எல்லாம் திரும்பி வரும். செராமிக் கோட்டிங் கீறலை எடுக்காது, இருக்கும் கீறலின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கோட்டிங்குக்கு முன்னால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து கிளேஸை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு பில்லில் ‘பாலிஷிங்’ என்று ஒரே சொல் எழுதுகிறார்கள். என்ன மருந்து போட்டார்கள், எத்தனை மைக்ரான் போனது என்று ஒரு வரி கிடையாது. இதைக் கேட்க ஆளே இல்லை. புது வண்டியையே அழுக்குத் துணியால் துடைத்துக் கீறி, டெலிவரி அன்றே ‘பெயிண்ட் புரொடெக்‌ஷன்’ விற்கும் ஷோரூம்களும் இருக்கின்றன.

உங்கள் வண்டியில் எந்தப் பகுதியாவது டிங்கரிங் பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டதா? அப்படியானால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது. கம்பெனி பெயிண்ட் மொத்தமாக 100 முதல் 150 மைக்ரான் வரும். மறுபெயிண்ட் செய்த கதவில் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் 300 காட்டலாம், ‘நிறைய இருக்கிறது, தேய்க்கலாம்’ என்பார்கள். நம்பாதீர்கள். அந்தக் கனத்தில் பெரும்பகுதி பள்ளம் நிரப்பும் பட்டியும் அடிப்பூச்சான பிரைமரும்தான், கிளியர் கோட் கம்பெனி அளவைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலையே செய்யாது. அங்கெல்லாம் ஃபினிஷிங் பாலிஷோடு நிறுத்துங்கள். பெயிண்ட் அடித்துக் குறைந்தது ஒரு மாதம் ஆகாமல் வேக்ஸும் கோட்டிங்கும் வேண்டாம்.

அப்புறம், காலையில் உலர்ந்த துணியால் தூசியோடு துடைப்பவரை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிய பிறகுதான் மைக்ரோஃபைபர் துணி படவேண்டும்.