கடற்கரை ஊரில் பழைய கொம்பியூட்டர் வாங்கிய வீட்டுக்கு

கேள்வி: கல்முனையில் கடலுக்குக் கிட்ட வீடு. சாதாரண தரம் படிக்கும் மகளுக்காகப் பாவித்த டெஸ்க்டொப் ஒன்று வாங்கியிருக்கிறோம். விண்டோஸ் 10 போட்டிருக்கிறது. வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. முதலில் எதைப் பழக வேண்டும்?

வேர்ட், எக்செல் எல்லாம் மகள் தானாகப் பழகிவிடுவாள். பெரியவர்கள் பார்க்க வேண்டியது வேறு. நமது கரையில் கொம்பியூட்டரைக் கெடுப்பவை கரண்ட், உப்புக்காற்று, பென் டிரைவ் இந்த மூன்றும்தான். இவற்றுக்கு வழி செய்துவிட்டு மற்றதைப் பழகலாம்.

முதலில் பிளக். மூன்று பின் உள்ள பிளக்கை, எர்த் இழுத்த பொயின்டில் மட்டும் குத்துங்கள். இரண்டு பின் அடப்டர் வேண்டவே வேண்டாம். பெட்டியின் இரும்பில் கை படும்போது எறும்பு ஊர்வதுபோல் விறுவிறுக்கிறதா? அது எர்த் இல்லை என்பதற்கான அடையாளம். பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை 230 வோல்டில் ஏறக்குறைய பாதியை, மிகச் சிறிய கரண்டாக, இரும்புக் கூட்டுக்குக் கசியவிடும். எர்த் இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும், இல்லாவிட்டால் கூட்டிலேயே நிற்கும். அப்படி நிற்கும்போது பிரிண்டர், மொனிட்டர் வயர்களைக் கழற்றிப் பூட்டினால் போர்ட்டுகள் எரியலாம். உள்ளே பெரிய கசிவு வந்தால் ஆளுக்கே ஆபத்து. வயரிங் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் சோதிக்கச் சொல்லுங்கள். நம்மிடம் மணல் நிலம். கம்பி ஆழமாக இறங்காவிட்டால், கச்சான் அடித்து மணல் காய்ந்த மாதங்களில் அது பேருக்குத்தான் நிற்கும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடி தொடங்கும். அப்போது சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிட வேண்டும். ரவுட்டரின் பிளக்கையும், தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்தால் அந்தக் கம்பியையும் கழற்றுங்கள். ஃபைபர் வயர் மின்னலைக் கடத்தாது என்றாலும் ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் லான் வயர் செப்பு, அது கடத்தும். வானம் கறுக்கும்போதே இதையெல்லாம் செய்யுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் எதிலும் கை வைக்க வேண்டாம்.

கரண்ட் போய் வந்தால் உடனே போடாமல் ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள், வந்தவுடன் வோல்ட் ஏறி இறங்கும். கரண்ட் போனாலும் பற்றரியால் கொஞ்ச நேரம் ஓடவிடும் யூபிஎஸ் வாங்குவதானால் 650 விஏ அளவு போதும். அது பத்து நிமிடமளவில் தாங்கும், அந்த நேரம் சேமித்து மூடுவதற்கு மட்டும். லேசர் பிரிண்டரை அதில் குத்தாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் கரண்டை யூபிஎஸ் தாங்காது.

அடுத்தது உப்பு. கடல் பக்க யன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள். காற்றோடு வரும் உப்புத்தூள் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில் படிந்து, ஈரம் கூடிய இரவில் தண்ணீரை உறிஞ்சி மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. அது செப்பை அரிக்கும், கரண்டையும் கடத்தும். மாரி காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள், அந்தச் சூட்டில் உட்புறம் காயும். நிறுத்தி அரை மணித்தியாலம் கழித்துப் பருத்தித் துணியால் மூடலாம். பொலித்தீனால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி வேண்டும். தரையில் வைக்கவே கூடாது. 2011 தை வெள்ளத்தில் உங்கள் சுவரில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று வீட்டாருக்குத் தெரிந்திருக்கும், அதற்கு மேலே ஒரு தட்டு அடியுங்கள். எப்போதாவது தண்ணீர் புகுந்துவிட்டால் ‘வேலை செய்கிறதா’ என்று போட்டுப் பார்க்காதீர்கள். நனைந்த பலகை பெரும்பாலும் அந்தச் சோதனையில்தான் எரிகிறது.

உப்பு செய்யும் வேலையை நீங்கள் சந்திக்கப்போவது அநேகமாக இப்படி: ஒரு காலை போட்டால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது, சிலவேளை பீப் பீப் என்று கத்தும். உடனே கடைக்குத் தூக்க வேண்டாம். பிளக்கை இழுத்துவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அமத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, கூட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேம் எனப்படும் நினைவகப் பலகையின் (நீளமான சிறு பலகை) இரு முனையிலுமுள்ள பூட்டுகளை வெளியே தள்ளினால் அது மேலே வரும். சில பெட்டிகளில் ஒரு முனையில் மட்டும் பூட்டு இருக்கும். அடியில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள் இருக்கும், நல்லாகப் பார்த்தால் மங்கல் படிந்திருப்பது தெரியும். பென்சில் அழிக்கும் வெள்ளை அழிறப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள், துகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பற்களுக்கு இடையிலுள்ள பள்ளம் பொருந்துகிறதா என்று பார்த்து, ‘டக்’ என்று பூட்டு விழும்வரை இரு முனையையும் அழுத்துங்கள். பல பெட்டிகள் இதோடு உயிர் பெறும்.

பழைய பெட்டியில் இன்னொன்றும் வரும். இணையம் இருக்கும், ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பில்லை’ என்று தடுக்கும். வைரஸ் என்று பயப்படாமல் கீழ்மூலையில் திகதியைப் பாருங்கள், பத்து வருடம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் திகதியை வைத்துத்தான் சரிபார்க்கப்படுகின்றன. மதர்போர்டில், அதாவது பெட்டிக்குள் இருக்கும் பெரிய பலகையில், உள்ள நாணய வடிவ பற்றரி செத்துவிட்டது என்பதுதான் பொருள். சிஆர்2032 என்று கேட்டு வாங்கி, கூட்டல் குறி மேலே தெரிய வைத்து, திகதியைத் திருத்தினால் சரி.

நிறுத்தும்போது ஸ்டார்ட் பட்டன் வழியாக ஷட் டவுன். பவர் பட்டனை அமத்திப் பிடிப்பது பெட்டி முற்றாக உறைந்தால் மட்டும். ஏதாவது வினோதமாக நடந்தால் ஷட் டவுன் செய்து போடுவதைவிட ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 10 வழமையாக மூடும்போது உள்நிலையில் ஒரு பகுதியை எழுதிவைத்து அடுத்தமுறை அதையே எடுக்கும், அதனால் கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

பென் டிரைவ் விஷயத்தில் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள். கொமினிகேஷன் கடையில் ஒரு நாளில் எத்தனையோ பேரின் டிரைவ் ஏறும் கணினியில் உங்களுடையதும் ஏறுகிறது. வீட்டில் குத்தினால் கோப்புகள் இருந்த இடத்தில் ஷோர்ட்கட் மட்டும் நிற்கும். அதைக் கிளிக் பண்ணினால்தான் வைரஸ் உங்கள் பெட்டிக்குள் இறங்கும். கோப்புகள் அநேகமாக அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதில் சரி போட்டால் தெரியக்கூடும். முதலில் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான விண்டோஸ் டிஃபெண்டரால் டிரைவை முழுவதும் ஸ்கேன் செய்து, பிறகு உங்கள் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபோர்மட் பண்ணுங்கள். இதைவிட நல்லது, பிரிண்ட் எடுக்க வேண்டியதை பிடிஎஃப் ஆக்கிக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. டிரைவ் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் அதற்கென்றே வெறும் டிரைவ் ஒன்று வையுங்கள். மகளின் குறிப்புகளை அதில் மட்டும் வைத்திருக்கக் கூடாது. பெட்டியில் ஒன்று, கூகுள் டிரைவில் இன்னொன்று. அங்கே 15 ஜிபி இலவசம், பாடக் கோப்புகளுக்குத் தாராளம்.

பாடசாலைச் சுற்றறிக்கையோ வினாத்தாளோ திறக்கும்போது தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்தால் கோப்பு பழுதில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் உள்ளே ஆங்கில எழுத்துகளே இருக்கின்றன, மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது. எழுத்துருக் கோப்பைத் திறந்து இன்ஸ்டோல் கொடுத்தால் வாசிக்கலாம். ஆனால் மகள் அடிக்கப் பழகுவது யூனிகோடாக இருக்கட்டும், அதைத்தான் தேடவும் போனில் வாசிக்கவும் முடியும். செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அமத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும்.

விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. இன்டெல் எட்டாம் தலைமுறைச் சிப்புக்கு முந்திய பெட்டி என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதற்காகப் பெட்டியை எறிய வேண்டாம். படிப்புக்குப் பாவியுங்கள், பிரவுசரைப் புதுப்பித்து வையுங்கள், வங்கி வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரக்கூடியவர் அருகில் இருந்தால் அதுவும் நல்ல வழி.

திறக்கவே மூன்று நான்கு நிமிடம் எடுக்கிறது என்றால் பணத்தை எஸ்எஸ்டிக்கு, அதாவது பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகத்துக்கு, செலவழியுங்கள். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும், பெட்டி ஆளே மாறியதுபோல் ஓடும். ரேம் கூட்டுவது அதற்குப் பிறகு. வாங்கப் போகும்போது பழைய பலகையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். ரேம் வகைகளான டிடிஆர்3க்கும் டிடிஆர்4க்கும் பள்ளம் வேறு இடத்தில், ஒன்று மற்றதன் இடத்தில் ஏறாது.