கருக்கலைப்புக்கு ஆபீஸ் இன்ஷூரன்ஸில் கிளைம் கிடைக்குமா? கணவர் கையெழுத்து கட்டாயமா?

கேள்வி கேட்டவர் 8 வாரக் கர்ப்பம் என்று எழுதியிருக்கிறார். கணவரின் ஆபீஸ் குரூப் பாலிசியில் இவர் பெயரும் இருக்கிறது. மருத்துவமனையில் கணவர் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். வீட்டில் பாவம் என்கிறார்கள். ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கும், முடிவும் எடுத்துவிட்டீர்கள், வழிதான் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். மருத்துவமனை இன்ஷூரன்ஸ் டெஸ்க் வேலையை உள்ளிருந்து அறிந்தவள் என்பதால் சொல்ல வேண்டும் போலிருந்தது. கருக்கலைப்பை ஊக்குவிப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சட்டப்படி நடக்கும் ஒன்றைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி, பதிலும் அதற்கு மட்டும்தான்.

முதலில் கையெழுத்து. 1971-ம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த, மனநலம் சரியாக உள்ள பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். அதற்கான தாள் 'சி' படிவம். வாங்கிப் பாருங்கள்: உங்கள் பெயர், இன்னாரின் மகள் அல்லது மனைவி, வயது, முகவரி, எந்த இடத்தில் செய்துகொள்ளச் சம்மதம், கீழே உங்கள் கையெழுத்து. கணவர் கையெழுத்துப் போட அதில் இடமே கிடையாது. 'மனைவி' என்ற அந்த ஒரு கோட்டைக் காட்டித்தான் பல இடங்களில் அவரை அழைத்து வரச் சொல்கிறார்கள். மயக்க மருந்துச் சம்மதத் தாளில் உடன் வந்தவர் கையெழுத்து கேட்பார்கள். அது மருத்துவமனை வழக்கம். அக்காவோ தோழியோ போடலாம். குடும்பத்தாரின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 20 முதல் 24 வாரம் வரையிலான அனுமதி திருமணமாகாத பெண்களுக்கும் உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். காப்பர் டி போட்டால்தான், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டால்தான் செய்வோம் என்று பேரம் பேசுவதற்கும் சட்டத்தில் இடமில்லை.

இனி இன்ஷூரன்ஸ். பெரும்பாலும் கிடைக்காது. தனிநபர், ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பத்துக்கே சேர்த்து எடுக்கும்) பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் 18-வது குறியீடு மகப்பேறு. அதன் இரண்டாவது பகுதியில், விபத்தால் ஏற்படாத கருச்சிதைவுக்கும் சட்டப்படியான கருக்கலைப்புக்கும் ஆகும் செலவு விலக்கு என்று வெளிப்படையாக இருக்கிறது. கருக்குழாயில் கரு தங்கிவிட்டால் மட்டும் அந்த விலக்கு பொருந்தாது, கிளைம் உண்டு. குரூப் பாலிசியில் மகப்பேறு சேர்த்திருப்பார்கள். ஆனால் கரு உருவான நாளிலிருந்து முதல் 12 வாரத்துக்குள் விருப்பத்தின்பேரில் செய்யும் கருக்கலைப்புக்குச் செலவு தரப்படாது என்ற வரி பல குரூப் பாலிசிகளில் அப்படியே இருக்கும். நீங்கள் இருப்பது அந்தக் கட்டத்தில்தான். மாத்திரையில் முடிந்தால் அது வெளிநோயாளிச் சிகிச்சை. கிளைமுக்குத் தேவையான 24 மணி நேர அட்மிஷனும் இல்லை, அன்றே வீடு திரும்பும் சிகிச்சைகளுக்கான டே கேர் பட்டியலிலும் வராது. 12 வாரத்துக்குப் பிறகு, அனாமலி ஸ்கேனில் குழந்தைக்குக் கோளாறு தெரிந்து செய்ய நேர்ந்தால், சில குரூப் பாலிசிகளில் மகப்பேறு உச்சவரம்புக்குள் தருவார்கள். அப்போது ஸ்கேன் ரிப்போர்ட்டும் காரணத்தைத் தெளிவாக எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியும் அவசியம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. உங்கள் சம்மதப் படிவத்தையும் மருத்துவர் எழுதும் கருத்துப் படிவத்தையும் ஒரே உறையில் போட்டு ஒட்டி, மேலே 'இரகசியம்' என்று எழுதி மருத்துவமனைத் தலைமை வைத்திருக்க வேண்டும். அட்மிஷன் ரிஜிஸ்டரே இரகசிய ஆவணம். மற்றத் தாள்களில் பெயருக்குப் பதில் வரிசை எண்தான். உங்கள் அடையாளத்தை மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை. இவ்வளவு காப்பு தந்திருக்கிறது சட்டம். கேஷ்லெஸ், அதாவது பில்லை இன்ஷூரன்ஸ் நேரடியாகக் கட்டும் வசதி, கேட்ட அடுத்த நிமிடம் அத்தனையும் போச்சு. அதற்கான ப்ரீ-ஆத் (முன் அனுமதி) படிவத்தில் எத்தனையாவது கர்ப்பம், எத்தனை பிரசவம், உயிருடன் எத்தனை குழந்தை, எத்தனை கருச்சிதைவு என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. நிரப்பி அனுப்பினால் பாலிசிதாரரின், அதாவது உங்கள் கணவரின், மொபைலுக்கு எஸ்எம்எஸ் போகும். நிராகரித்தாலும் போகும். கிளைம் பட்டியல் புரோக்கருக்கும் ஹெச்ஆருக்கும் போகும். கணவருக்குத் தெரிந்துதான் செய்கிறீர்கள் என்றால் கவலையில்லை. தெரியக் கூடாது என்ற நிலையில் இருப்பவர்கள் கிளைம் பக்கமே போக வேண்டாம். விதி என்ன என்று தெரிய வேண்டுமானால் பாலிசி வாசகத்தின் பிடிஎஃபை வாங்கி விலக்குப் பகுதியைப் படியுங்கள். ஹெச்ஆரிடம் கேட்காதீர்கள்.

"மாதவிடாய்க் கோளாறு, டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தல்) என்று போட்டுக் கொடுக்கிறோம், கிளைம் வந்துவிடும்" என்று சில இடங்களில் ஆசை காட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். டி அண்ட் சி என்றாலே, கிளைமைப் பரிசீலிக்கும் நிறுவனமான டிபிஏ திசுப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்கும். அதில் கருவின் திசு என்று அச்சாகி வரும். கிளைம் போவதோடு நிற்காது, பொய்த் தகவல் என்று பாலிசியையே ரத்து செய்யலாம்.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கல்யாணமானவர்களிடம் "மெட்டர்னிட்டி கவர் உண்டு" என்று சொல்லிப் பாலிசி விற்கும் ஏஜென்ட்கள், இரண்டு முதல் நான்கு வருடக் காத்திருப்புக் காலம் பற்றி வாயே திறப்பதில்லை. முதல் பிரசவ பில்லோடு வந்து டெஸ்க்கில் நின்று அழும் பெண்களிடம் அந்த ஏஜென்ட் என்றைக்காவது பதில் சொல்லியிருக்கிறாரா? வயிறு எரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கிளைம் பெரும்பாலும் கிடைக்காது, ஆகவே காசு வருமா என்று பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. 9 வாரம், அதாவது 63 நாள் வரைதான் மாத்திரை. அதற்கு மேல் 12 வாரம் வரை உறிஞ்சி எடுக்கும் முறை, பிறகு அட்மிஷன். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வரை இரண்டு மருத்துவர், அதுவும் குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும். அதற்கு மேல் கருவில் கடுமையான கோளாறு என்றால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் வார வரம்பு இல்லை. அரசு மருத்துவமனைகளில் செலவில்லாமல் செய்கிறார்கள். தனியார் என்றால் சுவரில் 'பி' படிவ அங்கீகாரச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மிஷன் மருத்துவமனைகள் பலவற்றில் கொள்கைப்படி செய்ய மாட்டார்கள். வரிசையில் உட்காருவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

மெடிக்கலில் யாரையாவது விட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது மட்டும் வேண்டாம். முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஏன் என்றால், கரு கருக்குழாயில் இருந்தால் மாத்திரை வேலை செய்யாது. ரத்தப்போக்கு வந்ததால் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது குழாய் வெடிக்கும். ஹீமோகுளோபினும் ரத்தப் பிரிவும் பார்க்க வேண்டும். நெகட்டிவ் குரூப் என்றால், அடுத்த கர்ப்பத்துக்குப் பாதிப்பு வராமல் போடும் ஆன்டி-டி ஊசி உண்டா என்று கேளுங்கள். மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒரு மாத்திரை முதல் நாள், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு மாத்திரை. எப்போது, எப்படி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, இரண்டாவது மருந்துக்கு மறுநாளும் காய்ச்சல் விடாமல் இருந்தாலோ, தலை சுற்றினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பாவம் என்ற பேச்சுக்கு வருகிறேன். நம்பிக்கை உள்ளவர்களை நான் பழிக்க மாட்டேன். அந்த பயம் உண்மையானது. கத்தோலிக்கர் என்றால், இது தானாகவே திருச்சபை விலக்கத்தைக் கொண்டுவரும் குற்றம் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. அதே சமயம் 2016-ல் போப் பிரான்சிஸ், இதற்கான மன்னிப்பை எல்லாக் குருக்களும் பாவசங்கீர்த்தனத்தில் வழங்கலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். ஆயரைத் தேடிப் போக வேண்டியதில்லை. இஸ்லாத்தில் 120 நாள் என்பவர்களும் 40 நாள் என்பவர்களும், தாயின் உயிருக்கு ஆபத்தில்லாமல் கூடவே கூடாது என்பவர்களும் உண்டு. உங்கள் ஊர் ஆலிமைக் கேளுங்கள். சிசுஹத்தி தோஷம் என்று சொல்லிப் பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் ஜோசியரிடம் மட்டும் போகாதீர்கள்.

அமெரிக்காவில் 2022 ஜூனில் கருக்கலைப்புக்கான அரசியலமைப்பு உரிமை பறிபோன செய்தியைப் பார்த்துவிட்டு இங்கும் தடை வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வரவில்லை. இங்கே தடையில் இருப்பது குழந்தையின் பாலினம் பார்ப்பதும் பாலினம் பார்த்துக் கலைப்பதும். இதற்கு நேர்மாறாக, வீட்டார் வற்புறுத்தியோ தெரியாமல் மாத்திரை கொடுத்தோ கலைத்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகும். உங்கள் நிலை அதுவென்றால் மகளிர் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர் என்றால் இன்னொன்று. முன்பு பேறுகால உதவிச் சட்டத்தில் இருந்து, இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் உள்ள விதிப்படி, கருக்கலைப்புக்குப் பின் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கும் அதே 6 வாரத்துக்குப் பணம் வரும், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். பனியன் கம்பெனிகளில் பாதிப் பேருக்கு இது தெரியாமல் இரண்டு நாளில் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதல் மாத்திரை சாப்பிட்ட நாளிலிருந்து 15-ம் நாள் மறுபரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள். மாத்திரை 100-க்கு 95 பேருக்கு மேல் வேலை செய்யும். மிச்சப் பேருக்குக் கரு தங்கிவிட்டால் குழந்தைக்குக் குறைபாடு வரும் அபாயம் உண்டு, உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும். 10 நாளுக்குள்ளேயே அடுத்த கருமுட்டை வெளியாகலாம் என்பதால், கருத்தடை பற்றி மாத்திரை வாங்கும் அன்றே பேசிவிடுங்கள்.