ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

ஓய்வு நேரத்தில் மரத்தில் சதுரங்கப் பலகை செய்கிறேன். மேப்பிளும் வால்நட்டும் வைத்துச் செய்த மூன்றாவது பலகை, நான்கே மாதத்தில் ஓரச் சட்டத்தின் மூலைகளில் விரிந்துவிட்டது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிட்டேன். அடுத்ததை நண்பனுக்குத் திருமணப் பரிசாகத் தரவேண்டும். ஓரத்தில் பதிக்கப் பித்தளை நல்லதா, சிப்பி நல்லதா? கட்டங்களுக்குள்ளும் பூ வேலை செய்யலாமா? லேசரில் வெட்டினால் அது கைவேலை ஆகாதா?

ர.

அன்புள்ள ர.,

எதில் கை பழகியிருக்கிறதோ அதில் வெட்டுங்கள், லேசரானாலும் சரி. கட்டங்களுக்குள் பூ வேண்டாம். குதிரை எங்கே தாவும் என்று பார்க்கிற கண் பூவில் போய் இடறக்கூடாது.

ஆனால் 'அடைத்துவிட்டேன்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! படித்ததும் கோபம் வந்தது. மூலை விரிந்தது உங்கள் வெட்டு பிசகியதால் அல்ல. நீங்கள் மரத்துக்கு இடம் விடவில்லை.

பட்டைகளை மாற்றி மாற்றி ஒட்டி, குறுக்கே எட்டாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டுத்தானே செய்தீர்கள்? அப்படிச் செய்தால் 64 கட்டங்களிலும் ரேகை, அதாவது மரத்தின் நார்வரி, ஒரே திசையில் ஓடும். ரேகையின் போக்கில் மரம் நீளுவது இல்லையென்றே சொல்லலாம். குறுக்குவாட்டில் அப்படி இல்லை. கட்டத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டர் என்றால் பலகை 44 சென்டிமீட்டர். மரத்தின் ஈரம் 4 சதவீதம் கூடினால் அந்த அகலம் நாலைந்து மில்லிமீட்டர் பெருக்கும். சட்டத்தை நான்கு பக்கமும் இறுக்கி ஒட்டியிருந்தால் அந்த நாலைந்து மில்லிமீட்டர் எங்கே போகும்? மூலையைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். நீங்கள் அடைத்ததோ, மரம் திரும்பிச் சுருங்கும்போது அந்த மூலை மூட வேண்டிய இடத்தை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அடைத்தேன். என் முதல் பலகை அப்பாவுக்காகச் செய்தது. மழைக்காலத்தில் மூலை விரிந்தது. தூள் குழைத்துப் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, யாருக்கும் தெரியாது என்று நம்பினேன். கோடை வந்ததும் பலகை நடுவில் பிளந்தது. நம் பக்கத்து ராணிக்கும் ராஜாவுக்கும் நடுவே தொடங்கி, எதிராளியின் ராணிக்கும் ராஜாவுக்கும் நடுவே போய் முடிகிற ஒரே நேர்க்கோடு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காய் அடுக்கும் முன் அந்தக் கோட்டில் நகத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார், பிறகு ஆடுவார். கடைசிவரை அதில்தான் ஆடினார். அந்த நகம் ஓடுவதைப் பார்க்க முடியாமல் நான் அறையை விட்டு எழுந்துபோன நாட்கள் உண்டு.

போன வாரம்தான் அந்தப் பலகையை வெளியே எடுத்தேன். அந்தச் சமயத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

அடுத்த பலகைக்குச் சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அதாவது நீளமான பள்ளம், எடுங்கள். பலகையின் ஓரத்தை நாக்காகச் செதுக்கி அதில் உட்காரவையுங்கள். ரேகைக்குக் குறுக்கே வரும் இரண்டு ஓரங்களில் நட்ட நடுவில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. மற்ற இரண்டு ஓரங்களில் பசையே வேண்டாம், காடிக்குள் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். நாக்கு உள்ளே போய்வருவதைக் காடியின் மேல் உதடு மறைத்துக்கொள்ளும். முழுப் பலகையையும் பிளைவுட்டில் வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டிச் செய்தால் இந்தப் பாடு இல்லை. அப்போது அடிப்பக்கமும் வெனீர் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் வளையும்.

பித்தளை ஈரத்தால் பெருக்காது, சுருங்காது, அதனால் ரேகைக்குக் குறுக்கே நீளமாகப் பதித்தால் கீழே மரம் நகர நகரப் பசை விட்டுக் கம்பி எழும்பி நிற்கும். சட்டத்தின் நீளவாக்கில் பதித்தால் கவலையில்லை. சிப்பி சின்னச் சின்னத் துண்டுதானே, அதுவும் நிற்கும்.

நேற்று அப்பாவின் பலகையிலிருந்து சட்டத்தை அறுத்து எடுத்தேன். இறுக்கம் விட்டதும் பிளவு பாதிக்குமேல் தானாகக் கூடிவிட்டது. நகத்தை ஓட்டிப் பார்த்தேன். இன்னும் லேசாகத் தட்டுகிறது.

நீங்கள் அடைத்ததை இன்றைக்கே சுரண்டி எடுத்துவிடுங்கள்.