கற்றல் குறைபாடு: தனிப்பாடம் எங்கே தொடங்க வேண்டும்? வாசகர் கேள்வி – பதில்

பதில் அளிப்பவர்கள்: சிறப்புக் கல்வியாளர் குழு

என் மகன் நாலாம் வகுப்பு, தமிழ் வழி. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிறான். புத்தகத்தைத் திறந்தால் திணறுகிறான். ஒரு வருஷமாகத் தினமும் இரண்டு மணி நேரம் தனி டியூஷன். ஒரு மாற்றமும் இல்லை. டீச்சரை மாற்றலாமா?
வாசகி, மதுரை

மாற்றுவதற்கு முன்னால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள் அம்மா. பல வீடுகளில் நடப்பது இதுதான்: டீச்சர் பாடத்தை வாசித்துக் காட்டுவார், விடைக்கு அடிக்கோடு போட்டுக் கொடுப்பார், பிள்ளை அதைப் பார்த்து எழுதும், பிறகு மனப்பாடம். வீட்டுப்பாடம் முடிந்துவிடும், நோட்டும் நிறைந்துவிடும். ஆனால் பிள்ளை தானாக ஒரு பத்திகூட வாசித்திருக்காது. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு இதை எத்தனை வருஷம் செய்தாலும் வாசிப்பு வராது.

முதல் வேலை, எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடிப்பது. அரை மணி நேரம் போதும். க, கா, கி, கீ என்று வரிசையாகச் சொல்லச் சொல்லாதீர்கள். ராகம் போட்டுச் சொல்லிவிடுவான். தை, மூ, பொ, நீ, லு என்று 20 எழுத்துகளைக் கலைத்து அட்டையில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். எதற்குத் தயங்குகிறானோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் புத்தகங்களில் அவன் பார்க்காத பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். 100 சொல்லுக்கு 10-க்கு மேல் தப்பு வந்தால் அந்தப் பக்கம் அவனுக்குக் கடினம். ஐந்துக்குக் கீழே என்றால் தனியாக வாசித்துக்கொள்வான். இரண்டுக்கும் நடுவில் எது விழுகிறதோ அதுதான் டீச்சர் பக்கத்தில் இருந்து பாடம் நடத்த வேண்டிய நிலை. அது ஒன்றாம் வகுப்புப் புத்தகமாகவே இருந்தாலும் அங்கேதான் தொடங்க வேண்டும். தம்பி தங்கையின் புத்தகத்தை நாலாம் வகுப்புப் பையன் கையில் கொடுத்தால் கூசிப்போவான். அதே பத்தியைத் தனித்தாளில் எழுதியோ அச்செடுத்தோ கொடுங்கள்.

இரண்டு மணி நேரம் வேண்டாம். 45 நிமிஷம், வாரத்தில் நாலு நாள் போதும். முதல் ஐந்து நிமிஷம் பழைய அட்டைகள். பிறகு பத்து நிமிஷம் ஒரே ஒரு புதுக் குறி. உதாரணமாக ஒற்றைக் கொம்பு எடுத்தால் அன்றைக்கு அது மட்டும்தான். இரட்டைக் கொம்பு அடுத்த வாரம். அதன் ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலிலோ பலகையிலோ விரலால் பெரிதாக எழுத வேண்டும். அடுத்த பத்து நிமிஷம் அந்தக் குறி வரும் சொற்களை வாசிப்பது. அதன் பிறகு சொல்வதை எழுதுவது, ஆறு சொல்லும் ஒரு வாக்கியமும் போதும்: டீச்சர் சொல்வார், பையன் திருப்பிச் சொல்வான், எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்வான், சொல்லிக்கொண்டே எழுதுவான், எழுதியதை வாசித்துக் காட்டுவான். இதில் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தன் தப்பைத் தானே பிடிக்கப் பிள்ளை பழகுவது அங்கேதான். மீதி நேரத்துக்கு, அன்று படித்த குறிகள் வரும் சின்னப் பத்தி.

தப்பாக வாசித்தால் உடனே சரியான சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். தப்பிய எழுத்தின் கீழே பென்சில் முனையை வைத்து மூன்று விநாடி பொறுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த எழுத்தின் ஒலியை மட்டும் சொல்லுங்கள். "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்பது கூடவே கூடாது. ஊகித்து ஓட்டும் பழக்கம் ஏற்கெனவே அவனுக்கு இருக்கிறது.

சனிக்கிழமைதோறும் அவன் நிலையில் உள்ள, பார்க்காத ஒரு பத்தியை ஒரு நிமிஷம் வாசிக்க வைத்து, சரியாக வாசித்த சொற்களை எண்ணி எழுதி வையுங்கள். ஆறு வாரம் போயும் அந்த எண் ஏறவில்லை என்றால், படி பெரிதாக இருக்கிறது, திருப்புதல் போதவில்லை என்று அர்த்தம். டீச்சர் அதன்படி முறையை மாற்றிக்கொள்கிறாரா என்று பாருங்கள். மாற்றிக்கொள்ள மறுத்தால் அப்போது வேறு டீச்சரைத் தேடலாம். வீட்டுப்பாடத்தைக் குறைத்துத் தரும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அறிவியல், சமூக அறிவியலை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவன் கேட்டுப் புரிந்துகொள்ளட்டும். வாசிப்புத் தடுமாறுவதால் மற்றப் பாட அறிவும் நின்றுபோகக் கூடாது.

நான் வீட்டில் தனிப்பாடம் சொல்லித் தருபவள். டிஸ்லெக்ஸியா (வாசிக்கவும் பிழையில்லாமல் எழுதவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு) உள்ள மாணவன் 'கோடி'யைக் 'கேடி' என்று எழுதுகிறான், 'பெட்டி'யைப் 'பேட்டி' என்று வாசிக்கிறான். இருபது முறை எழுத வைத்தும் பயனில்லை. ஆங்கிலத்துக்குச் சொல்லும் ஆர்ட்டன் – கில்லிங்ஹாம் முறையைத் தமிழுக்கும் பயன்படுத்தலாமா?
வாசகி, திருநெல்வேலி

அடிப்படையைப் பயன்படுத்தலாம்: கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும், எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும், முந்தையது உறுதியாகாமல் அடுத்தது கூடாது. ஆனால் அந்தப் பாட வரிசை ஆங்கிலத்துக்காகப் போட்டது. தமிழுக்கு வரிசையை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் மாணவன் தடுக்கி விழும் இடம் கொம்பு. 'கெ'யில் எ என்ற ஒலி வருவது க்-குக்குப் பின்னால், எழுத்தில் அதற்கான கொம்பு நிற்பது முன்னால். 'கோ'வில் இரட்டைக் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாசிக்கும் பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். 'கேடி' என்று எழுதியவன் கொம்பைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான், துணைக்காலை விட்டுவிட்டான். இருபது முறை பார்த்து எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது. மூன்றாம் முறைக்குப் பிறகு ஒலியை அவன் கவனிப்பதே இல்லை.

அட்டையில் க, ப, த, ம, ச கருப்பிலும், கொம்புகளும் காலும் சிவப்பிலும் தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள். 'க'வை நடுவில் வையுங்கள். வலப்பக்கம் காலை நகர்த்தினால் கா. அதை எடுத்துவிட்டு இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு வைத்தால் கெ. காலைத் திரும்பக் கொண்டுவந்தால் கொ. ஒவ்வொரு முறையும் அவன் கையே நகர்த்த வேண்டும், வாய் ஒலியைச் சொல்ல வேண்டும். வாசிக்கும்போது விரல் முதலில் கருப்பு எழுத்தில் நிற்கட்டும், பிறகு இடம், பிறகு வலம் பார்த்து, அப்புறம் வாயைத் திறக்கட்டும்.

குறில் நெடிலைக் கண்ணுக்கு முன் காதுக்குப் பழக்குங்கள். குறிலுக்கு மேஜையில் ஒரு தட்டு, நெடிலுக்கு விரலை இழுத்து ஒரு கோடு. கல் – கால், எடு – ஏடு, குடை – கூடை, முட்டை – மூட்டை, கொடி – கோடி, பெட்டி – பேட்டி: இந்த ஜோடிகளைப் புத்தகம் இல்லாமல் சொல்லி, தட்டா கோடா என்று காட்டச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகே எழுத்துக்குப் போங்கள்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம்: முதலில் கால், அடுத்து இகர ஈகாரம், பிறகு உகரம், அதன் பின் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், கடைசியில் ஒகர ஓகாரம். ஔகாரத்துக்கு அவசரமே இல்லை. உகரத்துக்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள், ஏனென்றால் அதற்கு ஒரே வடிவம் கிடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு ஒரு கூட்டம். து, நு, ணு, லு, று, னு, ஞு இன்னொரு கூட்டம். கூட்டம் கூட்டமாகக் கற்றுக்கொடுத்தால் கையில் நிற்கும். க் முதல் ன் வரை மொத்தமாக ஒப்பிக்க வைத்தால் நிற்காது.

ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் இதோடு சேர்க்காதீர்கள். பேச்சில் ழ-வும் ள-வும் ஒன்றாகவே ஒலிக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குக் காது உதவாது. அதைச் சொல் சொல்லாகப் பின்னால் நினைவில் ஏற்றலாம். இப்போதைக்கு அதற்குச் சிவப்பு மை வேண்டாம்.

பேத்தி மூன்றாம் வகுப்பு. 'தொண்ணூற்று மூன்று' என்றால் 903 என்று எழுதுகிறாள். வாய்ப்பாடும் மறந்து மறந்து போகிறது.
வாசகர், கும்பகோணம்

ஐயா, பேத்தியின் காது தப்பு செய்யவில்லை. அந்தச் சொல்லில் நூறு ஒலிக்கிறது, அவள் நூற்றுக்குப் போய்விட்டாள். தொள்ளாயிரத்திலும் ஆயிரம் ஒலிக்கும். அங்கேயும் இதே தப்பை எதிர்பாருங்கள். இந்த இரண்டையும் தனியாக எடுத்துச் சொல்லித்தர வேண்டும்.

ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி நூறு எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு அவளே கட்டட்டும். ஒன்பது கட்டும் மூன்று உதிரியும் வைத்து, "ஒன்பது பத்து, மூன்று" என்று முதலில் சொல்லட்டும், அப்புறம் தொண்ணூற்று மூன்று. அடுத்து அதையே கோடும் புள்ளியுமாக வரையட்டும். எண்ணை எழுதுவது கடைசியில். குச்சியிலிருந்து நேராக எண்ணுக்குத் தாவினால் இரண்டுக்கும் தொடர்பு விழாது. ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று கட்டம் போட்ட நோட்டில் எழுதட்டும். கூட்டல் கணக்கில் வரிசை கோணுவது குறையும்.

வாய்ப்பாட்டில் 2, 10, 5 முதலில். இரண்டை இரட்டித்தால் நாலாம் வாய்ப்பாடு, நாலை இரட்டித்தால் எட்டாம் வாய்ப்பாடு. ஒன்பதுக்கு, பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கு கழித்தல். வகுத்தல் கற்கும் காலத்தில் வாய்ப்பாட்டு அட்டையை எதிரில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏழெட்டு எவ்வளவு என்று தேடுவதிலேயே வகுத்தலின் அடுத்த படி மறந்துபோகும்.

கண் பயிற்சி, கலர் கண்ணாடி, மூளை டானிக் என்று விளம்பரம் வருகிறதே?
வாசகர், சேலம்

கண் பார்வையும் காது கேட்பதும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை மருத்துவரிடம் கட்டாயம் பாருங்கள். மற்றவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கலர் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்ஸியாவைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டார்கள்.

மகள் ஒன்பதாம் வகுப்பு, சிபிஎஸ்இ. கற்றல் குறைபாடு என்று இப்போதுதான் தெரிந்தது. சான்றிதழ் வாங்கினால் பிற்காலத்தில் பாதிக்குமா? பொதுத்தேர்வுக்கு என்ன செய்ய வேண்டும்?
வாசகர், திருச்சி

வாங்குங்கள், தள்ளிப்போடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (டிஸ்லெக்ஸியா போன்றவை) என்பதும் ஒன்று. சான்றிதழ் கையில் இருந்தால் சலுகையை உரிமையாகக் கேட்கலாம். தனியார் மையத்தின் அறிக்கை பாடம் நடத்தத்தான் உதவும். தேர்வுக்கு அரசு அங்கீகரித்த மருத்துவ அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். குழந்தை மருத்துவர், உளவியலாளர் என்று இரண்டு மூன்று நாள் அலைய வேண்டியிருக்கும். அறிவுத்திறன் சோதனையும் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனையும் தனித்தனியாக நடக்கும். அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சலோ தூக்கக் கலக்கமோ இருந்தால் வேறு தேதி கேளுங்கள்.

சிபிஎஸ்இ-யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சொல்வதை எழுதுபவரும் உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதல் நேரம், எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு. தலைமை ஆசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த வாரியமானாலும் பள்ளி அனுப்பும் விவரத்தில் மகளின் பெயருக்கு எதிரே இது பதிவாகியிருக்கிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். பல பிள்ளைகள் சலுகையை இழப்பது தகுதி இல்லாமல் அல்ல, பள்ளி உரிய நேரத்தில் பதியாததால்தான்.

எழுதுபவர் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சொல்லி எழுத வைப்பது தனித் திறமை, அதற்குத் தனிப்பாடத்தில் நேரம் ஒதுக்க வேண்டும். பழக்கம் இல்லாத பிள்ளை ஐந்து வாக்கியத்தை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு எங்கே விட்டோம் என்று தெரியாமல் நிற்கும். இப்போதிருந்தே வாரம் ஒரு நாள், மகளுக்குப் பழக்கமில்லாத ஒருவரை உட்காரவைத்துப் பழக்குங்கள். விடைக்கு வேண்டிய மூன்று குறிப்புச் சொற்களை முதலில் தானே தாளில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு ஒரு வாக்கியம் சொல்லி, எழுதி முடியும்வரை பொறுத்து, அடுத்ததைச் சொல்லட்டும். பத்தி எங்கே மாறுகிறது, எந்த வார்த்தைக்கு அடிக்கோடு என்பதையும் அவள்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விடை முடிந்ததும் திருப்பி வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். இந்தப் பழக்கம் கூச்சமில்லாமல் வர நாலைந்து மாதம் ஆகும், அதனால் பத்தாம் வகுப்பு அரையாண்டு வரை காத்திருக்க வேண்டாம்.