எந்த ஆயிரம் ஆண்டு?

கேள்வி: 'யமதோ நடேஷிகோ' என்று ஒரு பூவின் பெயராலேயே தங்கள் இலட்சியப் பெண்ணை அழைத்தவர்கள் ஜப்பானியர்கள். ஆயிரம் ஆண்டுகளாக அடக்கமும் பொறுமையுமாகக் குடும்பத்தைத் தாங்கிய அந்தப் பெண்கள் இன்று கல்யாணமே வேண்டாம் என்கிறார்களாம். பாரம்பரியத்தைக் கைவிட்டதுதானே காரணம்? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: கல்யாணத்துக்குப் பிறகு வருகிறேன். 'ஆயிரம் ஆண்டுகளாக' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஹெயான் காலத்து அரண்மனையில் இருந்த முராசாகி ஷிகிபு என்ற பெண் 'கெஞ்சியின் கதை'யை எழுதிக்கொண்டிருந்தார். உலகின் முதல் நாவல் என்று பலரும் கொண்டாடுவது அதைத்தான். அவர் காலத்தவரான செய் ஷோனகோன் தனக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்தார். விடியற்காலையில் காதலியின் அறையைவிட்டுக் கிளம்பும் ஆண், இருட்டில் விசிறியையும் காகிதத்தையும் காணோம் என்று தடவித் துழாவி, எதிலோ முட்டிக்கொண்டு, கடைசியில் கிடைத்த விசிறியைப் படபடவென்று அடித்துக்கொண்டு போவதை அவர் எவ்வளவு எரிச்சலோடு எழுதியிருக்கிறார், படித்துப் பாருங்கள். அன்றைய பிரபுக் குடும்பங்களில் கணவன்தான் மனைவியின் வீட்டுக்கு வந்துபோவான். பிள்ளைகள் தாய் வீட்டில் வளர்ந்தார்கள். மகளுக்குச் சொத்து உண்டு.

அடுத்து வந்தது போர்வீரர்களின் ஆட்சி. 1199-இல் நாட்டை ஆண்ட படைத்தலைவரான தன் கணவர் யோரிதோமோ இறந்ததும் தலையை மழித்துத் துறவியான ஹோஜோ மசாகோ, ஆட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. 1221-இல் ஓய்வுபெற்ற பேரரசர் அந்த ஆட்சிக்கு எதிராகப் படை திரட்டியபோது, தயங்கி நின்ற வீரர்களுக்குத் துணிவூட்டிப் போருக்கு அனுப்பியவர் அவர்தான். நீங்கள் சொல்லும் அடக்கமான பெண்ணை நானும் தேடுகிறேன். இதுவரை கண்ணில் படவில்லை.

அவள் தென்படத் தொடங்குவது எடோ காலத்தில் (1603–1868). 'சிறுவயதில் தந்தைக்கு, மணந்தபின் கணவனுக்கு, முதுமையில் மகனுக்கு அடங்கி நட' என்று கன்பூசிய நெறி சொல்லும் புத்தகங்கள் 18-ஆம் நூற்றாண்டில் பெருகின. அவை முதலில் குறிவைத்தது சாமுராய் குடும்பங்களை. அவர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சேற்றில் இறங்கி நாற்று நட்ட பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தோடு என்ன வேலை?

அதை நாடு முழுமைக்குமான இலட்சியமாக்கியது 1868-இல் அமைந்த மெய்ஜி அரசு. 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்' என்ற முழக்கத்தின் தொடக்கத்தை, 1870-களில் எழுதிய நகமுரா மசனாவோ என்ற அறிஞரிடம் காண்பார்கள். அவர் இங்கிலாந்தில் தங்கிப் படித்துத் திரும்பியவர். ஆக, கீழைத்தேயத்தின் தொன்மையான பெண்மை என்று நாம் உருகும் பொருளில் விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் வீடும் கலந்திருக்கிறது. 1898-இல் வந்த சிவில் சட்டம் மனைவியின் சொத்தை நிர்வகிக்கும் உரிமையைக் கணவனிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே, அந்த 'நல்ல மனைவி' பாடத்தைக் கற்பிக்க, பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி ஆணை வந்தது. 1900-இல் வந்த காவல் சட்டம், அரசியல் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து கேட்பதைக்கூடத் தடுத்தது. பிறவிக் குணமாக இருந்திருந்தால் இத்தனை சட்டம் எதற்கு?

இன்னொன்றையும் சொல்லாமல் என்னால் நகர முடியாது. பெண்மை பற்றி யார் பேசினாலும் நான் உழைப்பைப் பற்றிக் கேட்பேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். பள்ளியில் 'நல்ல மனைவி' பாடம் நடந்த அதே ஆண்டுகளில், ஹிடா மலைக் கிராமங்களிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள் பனி மூடிய நோமுகி கணவாயை நடந்து கடந்து ஒகாயாவின் பட்டு ஆலைகளுக்குப் போனார்கள். கொதிக்கிற தண்ணீரில் மிதக்கும் பட்டுப்புழுக் கூட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழை நுனியை விரலால் பிடித்து எடுக்க வேண்டும். அப்படிச் சில இழைகளைச் சேர்த்தால்தான் ஒரு நூல். கை வெந்து தோல் உரியும். புழு வெந்த நாற்றமும் நீராவியும் நாள் முழுக்க. நூல் சீராக இல்லையென்றால் கூலியில் பிடித்தம். ஜப்பானின் முதன்மை ஏற்றுமதிப் பொருளாகப் பல பத்தாண்டுகள் இருந்தது அந்தக் கச்சாப் பட்டு. நாட்டுக்கு இயந்திரமும் போர்க்கப்பலும் வாங்கப் பணம் வந்தது அந்த விரல்களிலிருந்து. 1886-இல் கோஃபு நகரின் அமமியா ஆலையில் வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைத்தபோது, நூறு பெண்களுக்குமேல் வெளியேறி ஒரு கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஜப்பானின் முதல் ஆலை வேலைநிறுத்தம் என்று வரலாற்றில் பதிவானது அதுதான். எனக்குப் பாரம்பரியம் என்றால் இந்தப் பெண்கள்தான்.

சுமோ மல்யுத்த மேடையில் பெண்கள் ஏறக்கூடாது என்ற தடையைக் கண்டித்து முன்பு இந்தப் பக்கத்தில் நான் எழுதியதற்குச் சிலர் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். என் கருத்தில் மாற்றமில்லை. 2018 ஏப்ரலில் மைசுரு நகரில், சுமோ மேடையில் பேசிக்கொண்டிருந்த மேயர் சரிந்து விழுந்தார். மருத்துவம் தெரிந்த பெண்கள் ஓடிவந்து மேடையேறி அவர் மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, 'பெண்கள் மேடையைவிட்டு இறங்கவும்' என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். பெண் கால்பட்டால் மேடையின் தூய்மை கெடும் என்பது நம்பிக்கை. சுமோ சங்கத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். தடை மட்டும் அப்படியே இருக்கிறது. 2000-இல் ஒசாகாவின் பெண் ஆளுநர் ஓட்டா ஃபுசாயே, ஆளுநர் பரிசை மேடையேறித் தர விரும்பியபோதும் இதே பாரம்பரியத்தைத்தான் காட்டினார்கள். ஆனால் 720-இல் எழுதி முடித்த 'நிஹோன் ஷோகி' என்ற பழைய வரலாற்று நூலிலேயே பெண்கள் சுமோ ஆடிய செய்தி இருக்கிறது. எடோ காலத்தில் அதற்குக் கூட்டம் கூடியது. அதைத் தடைசெய்தது மெய்ஜி அரசு. ஒரு மனிதனின் உயிரைக் காக்கும் கைகளை விரட்டுகிற எதையும், அது எத்தனை பழமையானாலும், என்னால் மதிக்க முடியாது.

இனி கல்யாணம். நீங்கள் சொன்ன பூவின் பெயரை இன்று சுமப்பது ஜப்பான் பெண்கள் கால்பந்து அணி. 'நடேஷிகோ' அணி 2011-இல் அமெரிக்காவை வென்று உலகக் கோப்பையைத் தூக்கியது. மறு ஆண்டு ஒலிம்பிக்குக்குப் புறப்பட்டபோது ஆண்கள் அணிக்கு பிசினஸ் வகுப்பு, உலகச் சாம்பியன்களுக்கு அதற்குக் கீழான பிரீமியம் எகானமி. வேலையில் நிலை இது. வீட்டில்? சட்டப்படி கல்யாணம் செய்தால் இருவரில் ஒருவர் தன் குடும்பப் பெயரை விட்டே ஆக வேண்டும். சுமார் 95 விழுக்காடு தம்பதிகளில் விடுவது பெண்தான். படித்த சான்றிதழ், எழுதிய கட்டுரை, வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் எல்லாம் ஒரு பெயரில் இருக்க, அவள் இன்னொருத்தியாகித் தன்னை மறுபடி நிரூபிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2015-இலும் 2021-இலும் இது அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது. 2025 அக்டோபரில் நாட்டின் முதல் பெண் பிரதமரான தகாய்ச்சி சனாயேவும் தனித்தனிக் குடும்பப் பெயரை ஏற்காதவர். குடும்ப ஒற்றுமை, மரபு என்பவைதான் அந்தத் தரப்பின் வாதம்.

அந்த மரபின் வயதையும் சொல்லிவிடுகிறேன். 1876-இல் அதே மெய்ஜி அரசு போட்ட உத்தரவு, மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஒரே பெயர் என்ற விதி 1898 சட்டத்தில்தான் வந்தது. எந்தப் பாரம்பரியத்தை அந்தப் பெண்கள் கைவிட்டார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.